யாரைக் கேட்டு நம்ம?

என் கடை போர்டை என்னைக் கேட்காமல் பச்சையாக்கியவர் மாமி. நான் டி. கல்லுப்பட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு மறுநாள் வந்து பார்த்தால், கடை போட்ட நாளிலிருந்து நீலமாக இருந்த போர்டு பச்சைப் பசேலென்று நிற்கிறது. மாமி மாடியிலிருந்து எட்டிப் பார்த்து விளக்கம் சொன்னார். கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் வந்தானாம், டப்பாவில் கொஞ்சம் மிச்சம் இருந்ததாம், நம்ம கடை போர்டு அழுது வடிந்துகொண்டிருந்ததாம், அதற்கும் ஒரு கை அடிக்கச் சொன்னாராம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் விளக்கத்தோடு ஒரு தூக்குவாளியில் நெய்ச்சோறும் கறியும் இறங்கி வந்துவிட்டது. வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு மனிதன் எப்படிச் சண்டை போடுவான்? போர்டு பச்சையாகவே இருந்தது.

நான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். கே.கே. நகரில், கண்ணாஸ்பத்திரிக்கு நடந்து போகிற தூரத்தில், மாமி வீட்டுக் கீழ்த்தளத்தில்தான் அப்போது கடை வைத்திருந்தேன். மாமி பழைய ஊரில் தெற்குவாசல் பக்கம் பிறந்து வளர்ந்தவர். மாமா இறந்த பிறகு, மகன் துபாயில் குடும்பத்தோடு இருந்துவிட, மாடி அறைகளைக் கண் வைத்தியத்துக்கு வரும் வெளியூர்க்காரர்களுக்கு விட்டிருந்தார். எனக்கு மாமியோடு எந்த உறவும் இல்லை. அந்தத் தெருவில் யாருக்கும் இல்லை. ஆனாலும் எல்லோருக்கும் மாமி, அவருக்கு எல்லோரும் நம்ம ஆளு.

'நம்ம' என்பது அவர் வாயில் ஒட்டிக்கொண்ட சொல். நம்ம கடை, நம்ம ஆஸ்பத்திரி, நம்ம டாக்டரு, நம்ம ஃப்ளைட்டு. என் மனைவி அவருக்கு 'நம்ம பொண்ணு'. நம்ம பொண்ணுக்குத் தலைமுடி கொட்டுகிறது என்று ஒரு எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தார். எங்கள் வீடு முழுக்க ஒரு மாதம் வைத்தியசாலை வாடை அடித்தது. வேண்டாம் என்று அவரிடம் சொல்லிப் பார்த்தவர்கள் உண்டு. சொன்னவர்களுக்கு அதைவிட அதிகமாகக் கிடைத்தது.

கடைக்கு ஆள் வந்து ஃபிரேம் பார்த்துக்கொண்டிருக்கும்போது படியிறங்கி வருவார். "அந்தக் கறுப்பு வேணாம்த்தா, உங்க முகம் சின்ன முகம். தம்பி, நீங்க அந்தத் தங்கக் கலரை எடுங்க" என்று என் யாவாரத்தை அவரே முடித்துவிட்டுப் போவார். வாங்கிப் போனவர் மறுநாள் கறுப்புக்கு மாற்றித் தரச் சொல்லி என்னிடம்தான் வந்து நிற்பார். மாமியைத் திட்டாமல் ஒரு நாள் கழிந்ததில்லை. அவரை நினைக்காமல் இப்போது ஒரு நாள் கழிவதில்லை. போன நோன்புக்கு முந்தி மௌத்தாகி எங்களை விட்டுப் போய்விட்டார். என் கடையும் திருநகருக்கு வந்துவிட்டது.

மாலத்தீவிலிருந்து மதுரைக்குக் கண் பார்க்க ஆட்கள் வருவார்கள் என்பதே எனக்கு அங்கே கடை போட்ட பிறகுதான் தெரியும். கொழும்பு வழியாக விமானத்தில் வந்து இறங்குவார்கள். மாமி வீட்டு மாடியில் பாதி நாள் அவர்கள்தான். அவர்கள் மொழியில் மாமிக்குத் தெரிந்தது ஒரே ஒரு சொல், 'ரங்களு'. நல்லது, சரி என்று அர்த்தம். அதை வைத்துக்கொண்டே குழாயில் தண்ணீர் வரவில்லை என்பதிலிருந்து ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்பது வரை எல்லாவற்றையும் பேசிவிடுவார்.

அப்படி வந்தவர்களில் ஒருத்திதான் ஆயிஷத். ஏதோ ஒரு தெற்குத் தீவில் பள்ளிக்கூட டீச்சர். திருச்சியில் ஒரு காலேஜில் படித்ததால் ஹாஸ்டல் தமிழ் நன்றாகவே பேசுவாள். அவளுடைய அம்மாவுக்குச் சர்க்கரை. ஒரு கண் முன்பே போய்விட்டது. மிச்சமிருந்த கண்ணுக்கும் சில மாதங்களுக்கு ஒரு தடவை வந்து கண்ணுக்குள் ஊசி போட்டுக்கொண்டு போக வேண்டும். விட்டால் அதுவும் இருட்டுத்தான்.

வந்த முதல் நாளே மாமி பேரைக் கேட்டார். ஆயிஷத் என்றாள். "அது என்ன ஆயிஷத்து? ஆயிஷான்னு சொல்லுத்தா, அதுதான் நம்ம பேரு" என்றார் மாமி. எங்கள் ஊரில் ஆயிஷத் என்றுதான் சொல்வோம் என்று அந்தப் பெண் சன்னமாகச் சொன்னது எனக்குக் கேட்டது. மாமிக்குக் கேட்கவில்லை. அன்றிலிருந்து அவள் ஆயிஷா. அவளும் அப்படிக் கூப்பிட்டதற்கே வந்து நின்றாள். அவளுடைய அம்மாவுக்கும் மாமிக்கும் மட்டும் மொழியே தேவைப்படவில்லை. இரண்டு பேரும் மொட்டைமாடியில் உட்கார்ந்து அவரவர் பாஷையில் மணிக்கணக்காகப் பேசிச் சிரிப்பார்கள்.

ஒவ்வொரு தடவை வரும்போதும் ஆயிஷத் ஒரு பொட்டலம் மாசி கொண்டுவருவாள். சூரைமீனைப் புகைபோட்டுக் காயவைத்தது, கட்டை போல இருக்கும். மாமி "எதுக்குத்தா இதெல்லாம்" என்று வாங்கி, அன்றைக்கே தெரு முழுக்கப் பகிர்ந்துவிடுவார். எனக்கும் ஒரு துண்டு வரும். அவர் வீட்டுக்கு ஒரு துண்டுகூட எடுத்துவைக்க மாட்டார். விருந்தாளியிடம் கை நீட்டி வாங்கித் தின்பது அவருக்குக் கேவலம்.

டிவியில் செய்தி பார்ப்பது மாமிக்கு ஒரு வெறி. இலங்கை, நேபாளம், பூட்டான், மாலத்தீவு எல்லாம் அவர் பெற்றுக் கட்டிக்கொடுத்த பிள்ளைகள் மாதிரி. யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார். இலங்கையில் ஒரு துறைமுகம் சீனாக்காரன் கைக்குப் போனதைப் பற்றிப் பேச்சு வந்தாலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். சீனக் கப்பல் ஒன்று அங்கே வந்து நின்ற அன்று, "நம்ம வாசல்ல வந்து நிக்கிறான் பாருங்க தம்பி" என்று படியிறங்கி வந்து என்னிடம் முறையிட்டார். அது அவர்கள் வாசல் மாமி என்றேன். அவர்கள் வாசல் வேறு நம்ம வாசல் வேறா என்று என்னிடமே சண்டைக்கு வந்தார். இவ்வளவு செய்கிறோம், அரிசி கொடுக்கிறோம், மருந்து கொடுக்கிறோம், கஷ்டம் என்றால் முதலில் ஓடுகிறோம், அதற்கப்புறமும் சீனாக்காரனிடம் போய்க் கைகுலுக்குகிறார்களே என்பதுதான் அவருடைய ஆற்றாமை. வெளியுறவுக் கொள்கை எல்லாம் மாமிக்குச் சம்பந்தி வீட்டு மனஸ்தாபம்தான்.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து மனையில் ஒரு லாட்ஜ் எழும்பியது. லிஃப்ட், ஏசி, வழவழவென்று தரை. லாட்ஜ்காரர் வெள்ளைச் சட்டை கசங்காத மனுஷர். அவருக்கும் மாலத்தீவுக்காரர்கள் மேல்தான் கண். அப்புறம் கேட்க வேண்டுமா! மாமி ஏர்போர்ட்டுக்கு ஆட்டோ அனுப்பினால் அவர் கார் அனுப்புவார். அவர் காலை டிபன் இலவசம் என்றால் மாமி மத்தியானச் சோறும் இலவசம் என்பார். அவர் வைஃபை கொடுத்ததும் மாமி கொஞ்சமும் யோசிக்காமல், நம்ம வீட்டு வைஃபை என்று என் கடை பாஸ்வேர்டை எல்லோருக்கும் சொல்லிவிட்டார். பில் போடும் நேரத்தில் என் கம்ப்யூட்டர் சுற்றிக்கொண்டே நிற்கும். மாடியில் எவரோ தீவுக்காரர் பேரப்பிள்ளையோடு வீடியோவில் கொஞ்சிக்கொண்டிருப்பார்.

இதைப் பார்த்து ஆயிஷத்துக்கு ஒரே சிரிப்பு. அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கும்போது என் கடை ஸ்டூலில் வந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பாள். எங்கள் நாட்டிலும் இதே கதைதான் அண்ணா என்றாள். சீனா ஒரு பாலம் கட்டிக் கொடுத்ததாம், இந்தியா அதைவிட நீளமாக இன்னொன்று கட்டுகிறதாம். பிறகென்ன, உங்கள் பாடு யோகம்தான் என்றேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"பாலம் நல்லதுதான் அண்ணா. ஆனா ரெண்டு பேரும் எங்க ஊருல வந்து நின்னுகிட்டு, ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர்தான் பாக்கறாங்க. எங்களப் பாக்கறதில்ல."

அவளுக்கு நன்றி இல்லாமல் இல்லை. அம்மாவுக்கு ஒரு தடவை சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறி மயங்கிவிட்டபோது, தீவிலிருந்து தலைநகருக்குத் தூக்கிக்கொண்டு வந்தது இந்தியா கொடுத்த ஹெலிகாப்டர்தான். அதை அவளே எல்லோரிடமும் சொல்வாள். ஆனால் அதை ஓட்டியவர்கள் ராணுவ யூனிஃபார்மில் இருந்தார்கள், அவர்கள் எத்தனை நாள் எங்கள் ஊரில் இருப்பார்கள் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்றும் சேர்த்துச் சொல்வாள்.

ஒரு நாள் அவள் என்னிடம் கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. நம்ம, எங்க, இரண்டும் ஒன்றுதானே, ஏன் தமிழில் இரண்டு சொல் என்றாள். அவர்கள் மொழியில் ஒன்றுதானாம். நான் பெரிய பண்டிதன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, எங்க வீடு என்றால் கேட்கிற ஆள் அதில் சேர்த்தி இல்லை, நம்ம வீடு என்றால் அந்த ஆளும் சேர்த்தி என்று விளக்கினேன்.

"அப்ப, நம்மன்னு சொன்னா என்னையும் சேத்துக்கறாங்க. சேத்துக்கறதுக்கு முன்னாடி என்கிட்ட கேப்பாங்களா, கேக்க மாட்டாங்களா?"

கேட்க மாட்டார்கள் என்றேன். அவள் சரி என்று தலையாட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். பிறந்ததிலிருந்து தமிழ் பேசுகிறேன், எனக்கு அப்படி ஒரு கேள்வி தோன்றியதே இல்லை.

பிறகு மாலத்தீவில் ஆட்சி மாறியது. இந்திய ராணுவத்து ஆட்கள் திரும்பிப் போகட்டும் என்று சொல்லி ஓட்டுக் கேட்டவர்கள் வந்தார்கள். டிவியில் சீனாவோடு கைகுலுக்குகிற படமாகப் போட்டுக்கொண்டிருந்தான். ஒரு பொங்கல் சமயத்தில் இரண்டு நாட்டுக்காரர்களும் போனில் ஒருவரையொருவர் ஏசி எழுதுவது முற்றிவிட்டது. இங்கே ஆளாளுக்கு மாலத்தீவுக்குப் போகாதே என்று எழுதினார்கள். மாலத்தீவு எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாதவனெல்லாம் போகமாட்டேன் என்று சபதம் எடுத்தான். அந்த வாரம் பார்த்து ஆயிஷத்தும் அவளுடைய அம்மாவும் ஊசிக்காக மாடியில் இருந்தார்கள்.

தெருப் பையன்கள் கொஞ்சம் பேர் வந்தார்கள். ஒருத்தனும் கெட்ட பையன் இல்லை, மாமி கையால் நோன்புக் கஞ்சி குடித்து வளர்ந்தவர்கள்தான். நம்ம நாட்டைக் கேவலப்படுத்துகிறவர்களுக்கு இங்கே ரூம் கொடுக்கக் கூடாது, காலி பண்ணச் சொல்லுங்கள் மாமி என்றார்கள். நான் கடைக்குள்ளிருந்து வெளியே வருவதற்குள் மாமி படியில் பாதி இறங்கிவிட்டார்.

"ஒத்தக் கண்ணோட ஒரு பொம்பள மாடியில படுத்திருக்கு. அது உங்க போனுல வந்து உங்கள என்னடா வஞ்சுச்சு? எம் படியில நின்னு பேசாதீக. எறங்குங்க."

அவர் சத்தமே போடவில்லை. அதனால்தான் பையன்கள் பயந்தார்கள். ஒருத்தன் பின் ஒருத்தனாக நகர்ந்து போனார்கள். மேலே நின்று எல்லாவற்றையும் கேட்ட ஆயிஷத் ஓடி வந்து மாமி கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மாமி செய்ததையெல்லாம் அன்றைக்கு நான் மன்னித்தேன், போர்டையும் சேர்த்து.

அதோடு விட்டிருக்கலாம். மாமியால் எதையும் அதோடு விட முடியாதே. அன்று மத்தியானம் என்னையும் சாப்பிடக் கூப்பிட்டார். மீன் குழம்பு, ரொட்டி, பொரித்த மீன். ஆயிஷத்தின் அம்மா சாப்பிட்டு முடித்து உள்ளே படுக்கப் போய்விட்டார். குழம்பு ஊற்றிக்கொண்டே மாமி சாதாரணமாகத்தான் கேட்டார், நீ யாருக்குத்தா ஓட்டுப் போட்ட என்று. அந்தப் பெண் பொய் சொல்லியிருக்கலாம். புதிதாக வந்தவர்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டாள்.

மாமி கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டார். "உங்கம்மாவத் தூக்கிட்டு வந்தது நம்ம ஹெலிகாப்டரு. கண்ணப் பாக்கறது நம்ம ஆஸ்பத்திரி. நம்ம வீட்டுச் சோறு. இம்புட்டும் வாங்கிக்கிட்டு, சீனாக்காரன் பின்னாடி போக எப்படித்தா மனசு வந்துச்சு?"

காலையில் அந்தப் பையன்களைத் துரத்தியவர்தான் இதைக் கேட்டார். ஆயிஷத் கையை எடுத்துத் தட்டு ஓரத்தில் வைத்தாள். நான் மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்தேன்.

"நான் சீனாக்காரங்க பின்னாடி போகல மாமி. எங்க வீட்டுல யாரு தங்கணும்னு நாங்க சொல்லணும். அதுக்குத்தான் ஓட்டுப் போட்டேன்." மெதுவாகத்தான் தொடர்ந்தாள். "நீங்க ரொம்ப நல்லவங்க. ஆனா குடுக்கும்போது வேணுமான்னு கேக்கறதில்ல. நான் குடுத்தா நீங்க வாங்கிக்கறதும் இல்ல. மாசி கொண்டு வரேன், ஒரு நாளாவது சாப்பிட்டீங்களா? என் பேரு ஆயிஷத். அதைக்கூட மாத்திட்டீங்க."

மாமிக்கு யாரும் அப்படிச் சொன்னதே இல்லை. நாங்கள் எல்லோரும் முதுகுக்குப் பின்னால் சிரித்தோமே தவிர, முகத்துக்கு நேராக ஒருத்தன் சொன்னானா? நம்ம பொண்ணு என்று நினைத்தேன் பார் என்று மட்டும் சொல்லிவிட்டு மாமி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். ஊசி போட்டு முடித்ததும் அவர்கள் கிளம்பினார்கள். ஒன்றும் தெரியாத அம்மா மட்டும் மாமியைக் கட்டிப் பிடித்து முத்தம் கொடுத்துவிட்டு, ரங்களு, ரங்களு என்று சொல்லிக்கொண்டே ஆட்டோவில் ஏறினார்.

அடுத்த ஊசிக்கு வர வேண்டிய மாதம் வந்தது. அவர்கள் வரவில்லை. மற்ற மாலத்தீவுக்காரர்கள் வருவதும் குறைந்துபோனது. லாட்ஜ்காரர் வெள்ளைச் சட்டையோடு வாசலில் ஈ ஓட்டினார். மாமிக்கு அறைகள் காலியாகக் கிடந்தது கவலையில்லை. டிவி போடுவதை நிறுத்திவிட்டார். என் கடைக்கு இறங்கி வந்து ஸ்டூலில் உட்காருவார். ஆள் வந்தால்கூட எந்த ஃபிரேமையும் எடுக்கச் சொல்ல மாட்டார். எனக்கே அது பிடிக்கவில்லை.

ஒரு நாள் தானாகவே பேசினார். "எம்மேல கோவிச்சுக்கிட்டு அந்தப் புள்ள வராம இருந்து, அந்தம்மாவோட இருக்குற ஒத்தக் கண்ணும் போயிருந்துச்சுன்னா? அல்லாகிட்ட நான்ல தம்பி பதில் சொல்லணும்?"

போன் போட்டுத் தருகிறேன் என்றேன். என்ன முகத்தை வைத்துக்கொண்டு பேசுவது என்று மறுத்துவிட்டார். அவருக்குத் தெரியாமல் நானே ஆயிஷத்துக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன். கொழும்பில் ஊசி போட்டுக்கொண்டோம், அம்மாவுக்குக் கண் தெரிகிறது என்று பதில் வந்தது. அதை மாமியிடம் வாசித்துக் காட்டியபோது முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

பிறகு டெல்லிக்கும் அவர்களுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சுவார்த்தை சரியாயிற்று. போனில் சபதம் எடுத்தவர்கள் அதை மறந்துபோனார்கள். கண்ணாஸ்பத்திரிக்குத் தீவுக்காரர்கள் மறுபடியும் வரத் தொடங்கினார்கள். ஆயிஷத்தும் அம்மாவும் வந்தார்கள். வந்து இறங்கியது பக்கத்து லாட்ஜில். லாட்ஜ்காரர் என் கடை வாசல் வரை வந்து, உங்க மாமியோட ஆளு இப்ப நம்ம ஆளு என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனார். இவரும் அதே சொல்லைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஆயிஷத் அம்மாவுக்குக் கண்ணாடி மாற்ற என் கடைக்கு வந்தாள். முகம் வாடியிருந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி, லிஃப்ட் இருக்கிறதே என்றுதான் அங்கே தங்கினோம், மாமியை வந்து பார்க்கத்தான் இருந்தேன் என்றாள். ஆனால் காலையில் தெருவில் மாமி எதிரே வந்திருக்கிறார். இவள் கையைத் தூக்கி சலாம் சொல்லியிருக்கிறாள். மாமி நேராக முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கடந்து போய்விட்டாராம். இவ்வளவு நாள் கழித்தும் இவ்வளவு கோபமா அண்ணா என்று கேட்டுவிட்டுக் கண்ணாடியை வாங்காமலே போய்விட்டாள்.

மாமிக்கு அப்படி முகம் திருப்பத் தெரியாது. திட்டுவார், அழுவார், சோறு போடுவார், பார்க்காமல் போக மாட்டார். மாடிக்குப் போய்ச் சொன்னேன்.

"ஆயிஷத்தா? யாரோ பொம்பள நின்னுச்சு தம்பி. எனக்கு மூஞ்சி தெரியல."

கீழே கூட்டி வந்து எழுத்துப் பலகையைப் பார்க்கச் சொன்னேன். மேலே இருக்கிற பெரிய எழுத்துக்குக் கீழே அவரால் எதையும் படிக்க முடியவில்லை. இரண்டு கண்ணிலும் புரை நன்றாக முற்றியிருந்தது. ஊரையெல்லாம் ஆபரேஷனுக்குத் தைரியம் சொல்லி அனுப்பிய மனுஷி, தனக்கென்று வந்தபோது பயந்துகொண்டு யாரிடமும் சொல்லாமல் சுவரைத் தடவிக்கொண்டு நடந்திருக்கிறார். தினமும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணாடிக்காரன் நான், எனக்கும் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் காட்டியதில், உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், கூட இருந்து பார்த்துக்கொள்ள ஒரு பெண் வேண்டும் என்றார்கள். என் மனைவி வருகிறாள் என்றேன்.

"அவ வருவா. கேக்காமலே வருவா. நான் கேட்டுப் போக வேண்டிய ஆளு ஒண்ணு இருக்கு தம்பி."

பக்கத்து லாட்ஜுக்கு நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிப் போனேன். யார் வீட்டுக்குள்ளும் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைகிறவர், அன்று கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டார். உள்ளே வரலாமா என்று கேட்டுவரச் சொல்லி வாட்ச்மேனை அனுப்பினார். ஆயிஷத் அவசரமாக இறங்கி வந்தாள். வாசல் வெயிலில் மூன்று பேரும் நின்றோம். தெருவில் பார்க்காமல் போனது கோபத்தால் இல்லை, கண் தெரியாததால் என்று முதலில் நான்தான் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எனக்குக் கண்ணு ஆபரேசன் பண்ணணும், ஆயிஷத்து. கூட இருக்க ஒரு ஆளு வேணும். உன்னால முடியுமா? முடியாதுன்னாலும் சொல்லு, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

மாமி அப்படிக் கேட்டு அன்றுதான் பார்த்தேன். ஆயிஷத் உடனே சரி என்று சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் சொல்லவில்லை. அம்மாவுக்கும் அதே நாள் பரிசோதனை இருக்கிறது, யோசித்துச் சொல்கிறேன் மாமி என்றாள். எனக்குச் சுருக்கென்றது. மாமி மட்டும் தலையாட்டினார். அன்று சாயங்காலம் முழுக்க அவர் அந்தப் பக்கம் ஒரு டம்ளர் டீகூட அனுப்பவில்லை. அனுப்பட்டுமா என்று கேட்ட என் மனைவியையும் தடுத்துவிட்டார். சும்மா இருப்பது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எங்களுக்குத்தான் தெரியும். காலையில் ஆயிஷத் வந்து, அம்மாவின் பரிசோதனையை வேறு நாளைக்கு மாற்றிவிட்டேன், வருகிறேன் என்றாள்.

ஆஸ்பத்திரியில் மாமியைத் தெரியாத ஆள் கிடையாது. என்ன மாமி, இன்னைக்கு யாரைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள் என்று கவுன்டரில் இருந்த நர்ஸ் சிரித்தார். இன்னைக்கு என்னையக் கூட்டிட்டு வந்திருக்காக என்றார் மாமி. நர்ஸ் பேர், வயது எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, ஆயிஷத்தைக் காட்டி, இவங்க உங்களுக்கு என்ன வேணும் மாமி என்றார்.

மாமி வாயைத் திறந்தார். என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். எத்தனை வருஷமாகக் கேட்ட சொல். ஆனால் வாய் அப்படியே மூடிக்கொண்டது. சரியாகத் தெரியாத கண்ணோடு பக்கத்தில் திரும்பினார்.

"நான் என்னன்னுத்தா சொல்லட்டும்?"

நர்ஸ் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். எங்களுக்குப் பின்னால் வரிசை நின்றது. ஆயிஷத் அவசரப்படவில்லை. மாமியின் முகத்தைப் பார்த்து யோசித்தாள்.

"பக்கத்து வீடுன்னு சொல்லுங்க மாமி."

"அப்ப சொந்தக்காரங்க இல்லையா?" என்றார் நர்ஸ்.

"இல்லம்மா" என்றார் மாமி. "பக்கத்து வீடு."

நர்ஸ் எழுதிக்கொண்டு, உள்ளே போகலாம் என்றார். மாமி நாற்காலியிலிருந்து எழுந்தார். யாருடைய கையையும் பிடிக்கவில்லை. தன் கையை மட்டும் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நின்றார். ஆயிஷத் வந்து அதைப் பிடித்துக்கொண்டாள்.